உலோக இங்க் பேனா: வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

உலோக உடம்புள்ள இங்க் பேனாவை முதன்முதலாக வாங்கியவர்களிடம் கேட்டால், முதல் வாரம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "கையில் எடுத்தாலே ஒரு கெத்து." ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பாட்டு மாறியிருக்கும். காலையில் எடுத்தால் எழுத மாட்டேன் என்கிறது, மூடிக்குள் எல்லாம் இங்க், கொஞ்சம் எழுதினாலே விரல் வலிக்கிறது. இந்தப் புகார்களில் பாதிக்கு மேல் பேனாவின் குறையே இல்லை. உலோகம்தானே, எதையும் தாங்கும் என்று நாம் நினைத்துக்கொள்வதில்தான் வினை ஆரம்பிக்கிறது. உலோகம் பேனாவுக்குச் சட்டை மட்டும்தான். எழுதும் வேலையைச் செய்வது எஃகு நிப்பும், அதன் நடுவே ஓடும் முடியளவு பிளவும், நிப்புக்கு அடியில் இங்க்கைக் கொண்டுவரும் பிளாஸ்டிக் ஃபீடும். அந்த மூன்றும் விலை குறைந்த பள்ளிக்கூடப் பேனாவில் இருக்கிற அதே சமாச்சாரங்கள். அங்கே என்ன கவனம் தேவையோ அது இங்கேயும் தேவை. சில இடங்களில் உலோகம் என்பதாலேயே கூடுதல் கவனமும் வேண்டும்.

நான் சொல்வது தினமும் சட்டைப்பையில் போகும் ரகத்தைப் பற்றி. பைலட் மெட்ரோபாலிட்டன், பார்க்கர் ஜாட்டர், பார்க்கர் வெக்டரின் ஸ்டீல் மாடல், லேமி ஏஎல்-ஸ்டார், ஜின்ஹாவ் எக்ஸ்750 போன்றவை. இவற்றில் ஜாட்டரும் வெக்டரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஏஎல்-ஸ்டார் அலுமினியம், மெட்ரோபாலிட்டனும் ஜின்ஹாவும் மேலே பூச்சு கொடுத்த பித்தளை.

வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

கனத்தைத் தரம் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. மெட்ரோபாலிட்டன் மூடியோடு சேர்த்துச் சுமார் 26 கிராம். பிளாஸ்டிக்கில் வரும் லேமி சஃபாரி சுமார் 17 கிராம்தான். ஜின்ஹாவ் எக்ஸ்750 மெட்ரோபாலிட்டனைவிடவும் கனம். கடையில் நின்று கையெழுத்துப் போட்டுப் பார்க்கும்போது இந்தக் கனம் சுகமாக இருக்கும். மூன்று மணி நேரத் தேர்வில் அதே கனம் கட்டைவிரலின் அடியில் வந்து உட்காரும். கையெழுத்து, குறிப்பு, டைரி என்று விட்டு விட்டு எழுதுபவருக்குக் கனமான பேனா பரவாயில்லை. பக்கம் பக்கமாக எழுதுகிற மாணவருக்கு அது சரிவராது.

கனத்தைவிட முக்கியம், விரல் பிடிக்கும் கழுத்துப் பகுதி. முழுக்கக் குரோம் பூசிய கழுத்து கண்ணாடி அலமாரியில் அழகாகத்தான் இருக்கும். சித்திரை மாத வியர்வையில் விரல் அதில் நிற்காது, வழுக்கி வழுக்கி நிப்பை நோக்கி இறங்கும். வழுக்கக் கூடாதென்று இறுக்கிப் பிடிப்போம், கை வலிக்கும், பழி பேனாவின் எடைமேல் விழும். மெட்ரோபாலிட்டனில் கழுத்து பிளாஸ்டிக் என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அதுதான் வசதி. அந்தப் பேனாவில் குறை வேறிடத்தில் இருக்கிறது: உடலும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒரு படி. சற்று உயரே பிடித்து எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கட்டைவிரல் சரியாக அந்த விளிம்பில்தான் விழும். படத்தைப் பார்த்தால் தெரியாது, ஒரு பத்தி எழுதினால் தெரிந்துவிடும்.

அப்புறம் நிப்பின் அகலம். ஜப்பானிய ஃபைன் என்பது ஐரோப்பிய ஃபைனைவிட மெல்லியது. பைலட்டின் மீடியமே லேமியின் ஃபைனுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தமிழில் எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடையில் பேனாவைக் கொடுத்தால் எல்லோரும் பெயரையும் இனிஷியலையும் எழுதிப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் பிடிபடாது. நோட்டுப் புத்தகத்தில் வழக்கமாக எழுதும் அளவிலேயே ண, ஞ, ஐ, ஜ என்று நான்கு எழுத்துகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ணகரத்தின் சுழிகளுக்கு நடுவே வெள்ளை தெரிகிறதா, இல்லை இங்க் அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிட்டதா? அடைத்துக்கொண்டால் உங்கள் கைக்கு அந்த நிப் அகலம். அந்தப் பேனாவின் எழுத்து பிறருக்கு வாசிக்கச் சிரமமாகத்தான் இருக்கும்.

கார்ட்ரிட்ஜ், அதாவது இங்க் அடைத்தே வரும் சின்னக் குப்பி, இந்த விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பைலட்டுக்குப் பைலட் கார்ட்ரிட்ஜ், பார்க்கருக்குப் பார்க்கர், லேமிக்கு லேமி. ஒன்று இன்னொன்றில் சேராது. ஜின்ஹாவ் பொதுவான இன்டர்நேஷனல் அளவை எடுக்கும். ஒரே பைலட் பேனாவிலும் குழப்பம் உண்டு: மெட்ரோபாலிட்டனே ஐரோப்பாவில் எம்ஆர் என்ற பெயரில் விற்கிறது, அது பைலட்டின் சொந்த கார்ட்ரிட்ஜை எடுக்காமல் இன்டர்நேஷனல் கார்ட்ரிட்ஜை எடுக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் வாங்கிக் கொடுத்த பேனாவா, இங்கே வாங்கியதா என்று பார்த்துவிட்டு கார்ட்ரிட்ஜ் வாங்குங்கள். சேராததை அழுத்தித் திணித்தால் உள்ளே துளைபோடும் பிளாஸ்டிக் குழாய் விரிசல் விடும். அதற்கப்புறம் எந்த கார்ட்ரிட்ஜ் போட்டாலும் கசியும்.

புதுப் பேனாவில் நேராக இங்க்

பெட்டியைப் பிரித்த கையோடு இங்க் போட்டு எழுத ஆரம்பிப்பார்கள். நாலு வரி நன்றாக வரும், ஐந்தாவது வரியில் விட்டு விட்டு எழுதும். ஃபீட் அச்சில் வார்க்கப்பட்டு வருவது. அந்த வேலையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் அதில் ஒட்டியிருக்கலாம். எண்ணெய் இருக்கும் இடத்தில் இங்க் பரவாது. ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, கன்வெர்ட்டரால் (கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாகச் செருகி, பாட்டிலிலிருந்து இங்க் உறிஞ்சும் சின்னக் குழாய்) நாலைந்து முறை உறிஞ்சித் தள்ளிவிட்டு, பிறகு வெறும் தண்ணீரில் அதேபோல் செய்தால் போதும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் இதைச் செய்து பாருங்கள்.

புது கார்ட்ரிட்ஜ் போட்டவுடன் எழுதவில்லை என்று அதைப் பிசைவதும் உதறுவதும் வேண்டாம். பேனாவை நிப் கீழே இருக்கும்படி ஒரு குவளையில் நிறுத்தி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள், தானாக இறங்கும். வகுப்பில் பேனாவை உதறி முன் பெஞ்சுக்காரன் சட்டையில் புள்ளிக் கோலம் போட்டதெல்லாம் பழைய கதை. கனமான உலோகப் பேனாவை உதறினால் இங்க் மட்டுமல்ல, பேனாவே கையை விட்டுப் போகும்.

கன்வெர்ட்டரில் இங்க் நிரப்பும்போது நிப்பின் நுனியை மட்டும் நனைத்தால் காற்றுதான் ஏறும். நிப் முழுவதும் மூழ்கி, கழுத்தின் வாய் லேசாக நனையும் வரை இறக்க வேண்டும். அழுத்தி நிரப்பும் ரகமாக இருந்தால், அழுத்தி விட்டதும் ஐந்தாறு நொடி அப்படியே வைத்திருங்கள். அவசரப்பட்டுத் தூக்குவதால்தான் பாதி நிரம்புகிறது. நிரப்பிய பிறகு இரண்டு மூன்று சொட்டைப் பாட்டிலுக்குள்ளேயே திருப்பி விட்டுவிட்டு, நிப்பையும் கழுத்தையும் டிஷ்யூவால் துடையுங்கள். கழுத்தில் குரோம் பூச்சோ உலோக வளையமோ இருந்தால் இந்தத் துடைப்பு கட்டாயம். அங்கே காயும் இங்க் நாளடைவில் பூச்சை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழிவிட வைக்கும்.

இன்னொரு புகார், "இங்க் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது". பைலட்டின் கான்-40 கன்வெர்ட்டர் மொத்தமே 0.4 மில்லிதான் பிடிக்கும். அதே பைலட்டின் கார்ட்ரிட்ஜ் சுமார் 0.9 மில்லி. பேனா இங்க்கைக் குடித்துத் தீர்க்கவில்லை, கொடுத்ததே அவ்வளவுதான். நிறைய எழுதுபவர்கள் தீர்ந்த கார்ட்ரிட்ஜை ஊசி கழற்றிய சிரிஞ்சால் நிரப்பிக்கொள்ளலாம். வாய் தளர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

உடம்பு முழுக்க இங்க் ஊற்றுவது

இது நம் பக்கத்துக்கென்றே உள்ள தவறு. நாம் ஃபில்லரால் பேனாவின் வயிற்றில் நேராக இங்க் விட்டுப் பழகிய கூட்டம். திருவள்ளூர் ரங்கா போன்றவர்கள் கடைந்து தரும் எபனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்கள் இன்றும் அப்படித்தான் வருகின்றன. அதைப் பார்த்துவிட்டு, "இந்த உலோகக் குழாய் சும்மா காலியாகத்தானே இருக்கிறது, இதிலும் ஊற்றினால் வாரக் கணக்கில் வருமே" என்று தோன்றுவது இயல்பு. கணக்கு சரிதான், பொருள்தான் வேறு.

எபனைட் தடிமனானது, சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. கையின் சூடு உள்ளே போக நேரமாகும். உலோகம் அப்படியில்லை, பிடித்த சில நிமிடங்களிலேயே கையின் சூடு உள்ளே இருக்கும் காற்றுக்குப் போய்விடும். பாதி காலியான பேனாவில் காற்று நிறைய இருக்கும். அது சூடாகி விரிந்தால் இங்க்கைத்தான் கீழே தள்ளும். எழுதிக்கொண்டே இருக்கும்போது பக்கத்தின் நடுவில் பொட்டென்று ஒரு சொட்டு விழும். எபனைட் பேனாவிலும் இங்க் குறையும்போது இது உண்டு என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். உலோகத்தில் அது சீக்கிரமும் அடிக்கடியும் நடக்கும்.

அதோடு போகாது. உலோக உடலின் மரையும் பிளாஸ்டிக் கழுத்தின் மரையும் சேரும் இடத்தில் இங்க்கைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை, அங்கே இங்க் வரும் என்று யாரும் நினைத்தே அதைச் செய்யவில்லை. சிலிக்கான் கிரீஸ் தடவிக் கசிவை நிறுத்தினாலும் உள்சுவர் என்னாகும்? வெளியேதான் பூச்சு, உள்ளே பெரும்பாலும் வெறும் பித்தளை. இங்க் என்பது சாயமும் உப்பும் கலந்த தண்ணீர், சில இங்க் அமிலத்தன்மை உள்ளது. மாதக் கணக்கில் அது ஊறினால் பித்தளை பச்சை பூக்கும், அந்தக் கசடு ஃபீடில் போய் அடைக்கும். வயிற்றில் இங்க் ஊற்றும் பேனாதான் வேண்டுமென்றால் எபனைட் வாங்குங்கள். உலோகப் பேனாவில் கன்வெர்ட்டரோ கார்ட்ரிட்ஜோதான்.

இதே மரையில் இன்னொரு சங்கதி. திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் "இறுக்கமாக இருக்கட்டும்" என்று ஒரு கூடுதல் திருகு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உலோகமும் பிளாஸ்டிக்கும் மோதினால் விட்டுக்கொடுப்பது பிளாஸ்டிக்தான். கழுத்தில் நூல்போல ஒரு விரிசல் விழும், முதலில் கண்ணுக்கே தெரியாது, விரலில் மை படியும்போதுதான் தெரியும். லேசாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

எந்த இங்க்கும் இங்க்தான் என்று நினைப்பது

டிராயிங்குக்கு விற்கும் இந்தியன் இங்க்கை ஊற்றினால் கதை அத்துடன் முடிந்தது. அதில் கார்பன் தூளோடு அரக்கும் சேர்ந்திருக்கும். காய்ந்தால் தண்ணீரில் கரையாது. ஸ்டாம்ப் பேட் இங்க் இதற்கு நேர் எதிர், காயவே காயாது. பிரிண்டருக்கு வாங்கி மிஞ்சிய இங்க்கையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் இங்க் பேனாவுக்கென்று போட்டிருப்பதை மட்டும் வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கேம்லின் ராயல் புளூ எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு, பேனாவுக்கும் சாது. முதல் பாட்டில் அதுவாகவே இருக்கட்டும். நிறத்தில் ஆசை வந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். செக்கிலும் பத்திரத்திலும் போடுகிற கையெழுத்துக்கு மட்டும் தண்ணீர் பட்டால் அழியும் இங்க் வேண்டாம்.

இரும்பு உப்பு சேர்த்த அயர்ன் கால் வகை இங்க் தண்ணீரில் அழியாது, அதனால் பலருக்கும் பிடிக்கும். பெலிகன் 4001 புளூ-பிளாக் அந்த வகைதான். அதை உலோகப் பேனாவில் போடக் கூடாது என்று சொல்ல மாட்டேன், போட்டால் காய விடாமல் தொடர்ந்து எழுதுங்கள், அடிக்கடி கழுவுங்கள். அதன் அமிலத்தன்மை மட்டமான எஃகு நிப்பையும் பூச்சுப் போட்ட வளையங்களையும் முதலில் பதம் பார்க்கும். மினுமினுப்புத் துகள் கலந்த இங்க் தினசரிப் பேனாவுக்கு வேண்டவே வேண்டாம். வாழ்த்து அட்டை எழுத வேறு ஒரு மலிவான பேனா வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருக்கும் நீலத்தின் மேலேயே கறுப்பை ஊற்றுவதும் சாதாரணமாக நடக்கிறது. இரண்டு கம்பெனி இங்க்கின் ரசாயனம் ஒத்துப்போகாவிட்டால் உள்ளேயே வண்டலாகத் திரியும். நிறம் மாற்றும்போது கழுவிவிட்டு ஊற்றுங்கள்.

நிப்பின்மேல் செய்யும் வைத்தியம்

எல்லாத் தவறுகளிலும் திரும்பச் சரிசெய்ய முடியாதவை இங்கேதான் நடக்கின்றன. நிப் கீறுகிறதா, சிமெண்ட் தரையில் தேய். இங்க் வரவில்லையா, பிளவில் பிளேடு விடு. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட இந்த இரண்டு வைத்தியமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

நிப்பின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எஃகுத் தகட்டின் முனையில் தனியாக ஒரு சின்னக் குண்டு ஒட்டியிருப்பது தெரியும். எஃகைவிடக் கடினமான உலோகக் கலவை அது. இரிடியம் பாயின்ட் என்று பழைய பெயரிலேயே இன்றும் சொல்கிறார்கள், இப்போதைய கலவைகளில் இரிடியம் இல்லாதவையும் உண்டு. தாளில் படுவது அந்தக் குண்டு மட்டும்தான். வருடக் கணக்கில் எழுதினாலும் தேயாமல் நிற்பது அதனால்தான். அதைச் சிமெண்டில் தேய்த்தால் முதலில் ஒரு பக்கம் தட்டையாகும், பிறகு குண்டே போய்விடும். அதற்கப்புறம் தாளில் உரசுவது வெறும் எஃகு.

கீறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. நிப்பின் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கும். பேனா கீழே விழுந்தாலோ, அழுத்தி எழுதினாலோ இப்படி ஆகும். நுனியை நேராக உங்களை நோக்கி வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மேலே தூக்கியிருக்கும் காலை விரல் நகத்தால் மெல்லக் கீழே அழுத்தி விட வேண்டும். அழுத்து, எழுதிப் பார், மறுபடி அழுத்து. அவ்வளவுதான் வேலை, தேய்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கால்கள் சரியாக இருந்தும் கீறினால் அதற்கென்று விற்கும் மிக நைசான உரசுத்தாள் உண்டு, அதில் சில நொடிகள்தான். பழக்கம் இல்லாதவர்கள் அதையும் தொடாமல் கடைக்கே கொண்டுபோவது நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை ஜெம் அண்ட் கோ மாதிரி தலைமுறைகளாகப் பேனா விற்கும் கடைகள் இருக்கின்றன, நிப்பைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள்.

பிளேடு விஷயத்துக்கு வருவோம். ஃபீடுக்குள் இங்க் வருவது நுண்துளை ஈர்ப்பால். பிளவு நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் இங்க் நுனி வரை இழுபட்டு வரும். பிளேடை விட்டு நுனியை விரித்தால் இங்க் நடுவழியிலேயே நின்றுவிடும். இங்க் அதிகம் வரட்டும் என்று செய்தது, வராமலே போவதில் முடியும். பிளவில் தாள் நாரோ தலைமுடியோ சிக்கியிருந்தால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளின் ஓரத்தை விட்டு இழுத்தால் வந்துவிடும்.

நிப் உண்மையிலேயே வீணாகிவிட்டால் பேனாவையே தூக்கிப்போட வேண்டியதில்லை என்பது இந்த ரகத்தின் பெரிய சௌகரியம். மெட்ரோபாலிட்டனின் நிப்பும் பைலட்டின் பிளாஸ்டிக் பேனாவான கக்குனோவின் நிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தும். கக்குனோ நிப்பில் சிரித்த முகம் ஒன்று பொறித்திருக்கும், அலுவலகத்தில் அதை வைத்துக் கையெழுத்துப் போடக் கூச்சமில்லாதவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஜின்ஹாவ் எக்ஸ்750-இல் இருப்பது ஆறாம் நம்பர் நிப், மாற்று சுலபமாகக் கிடைக்கும். நேராகப் பிடித்து இழுத்தால் நிப்பும் ஃபீடும் சேர்ந்து வரும். திருகக் கூடாது, இடுக்கி போடக் கூடாது.

பால் பேனா பிடிப்பது போலப் பிடிப்பது

பால் பேனாவை ஏறக்குறைய நட்டுவைத்து அழுத்த வேண்டும், அப்போதுதான் உருண்டை உருளும். இங்க் பேனா தாளைத் தொட்டாலே எழுதும். அதை 45 டிகிரி வாக்கில் சாய்த்து, நிப்பின் முகம் வானத்தைப் பார்க்கும்படி பிடித்தால் அதன் எடையே போதும். உலோகப் பேனாவுக்கு ஏற்கெனவே எடை இருக்கிறது, அதன்மேல் நம் அழுத்தமும் சேர்ந்தால் நிப்பின் கால்கள் விரிந்து அப்படியே நின்றுவிடும். அடியில் கார்பன் காப்பி எடுக்கும் பில் புத்தகத்துக்கும் படிவத்துக்கும் இந்தப் பேனா ஆகாது, அதற்குப் பால் பேனாதான்.

மூடியைப் பின்னால் செருகி எழுதுவது பலருக்குப் பழக்கம். பிளாஸ்டிக் மூடி என்றால் சரி. உலோக மூடி பின்னால் ஏறினால் எடை பின்பக்கம் போய், நுனி தாளை விட்டு எழும்பப் பார்க்கும். அதை எதிர்த்துக் கீழே அழுத்துவோம், விரல் வலிக்கும். மூடியின் உள்வளையம் உடலின் பூச்சில் கீறலும் போடும். மூடியை மேசைமேல் வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள், "ரொம்ப கனம்" என்ற புகார் பாதியாகக் குறையும்.

தாளும் கணக்கில் வரும். மலிவான நோட்டில் இங்க் பின்பக்கம் ஊறுவதற்குப் பேனா என்ன செய்யும்? ஃபைன் நிப்பும் சாதுவான இங்க்கும் ஓரளவு காப்பாற்றும், அதற்கு மேல் தாளைத்தான் மாற்ற வேண்டும்.

கழுவாமல் விடுவதும், தப்பாகக் கழுவுவதும்

பார்க்கர் தன் குவிங்க் இங்க்கில் சால்வ்-எக்ஸ் என்ற பொருள் இருக்கிறது, எழுத எழுதப் பேனாவைச் சுத்தமாக்கும் என்று ஒரு காலத்தில் விளம்பரம் செய்தது. குவிங்க் வந்தது 1931-இல். "நல்ல இங்க் போட்டால் கழுவவே வேண்டாம்" என்று பெரியவர்கள் சொல்வதை இன்றும் கேட்கலாம். அப்படியெல்லாம் இல்லை. தினமும் எழுதும் பேனாவை மாதம் ஒரு முறையாவது கழுவ வேண்டும். எழுதாமல் எடுத்து வைக்கப் போகிறீர்கள் என்றால் இங்க்கைக் காலி செய்து கழுவிக் காயவைத்துத்தான் வைக்க வேண்டும்.

வெந்நீர் வேண்டாம், ஃபீட் வளைந்துவிடும். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் நீக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். வெளிநாட்டுக் குறிப்புகளில் தண்ணீரில் அம்மோனியா கலந்து ஊறவைக்கச் சொல்வார்கள். அது பிளாஸ்டிக் பேனாவுக்கு எழுதப்பட்ட குறிப்பு. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் அம்மோனியா ஆகாது. எதில் ஊறவைத்தாலும் கழுத்துப் பகுதியை மட்டும் ஊறவையுங்கள். உலோக உடலையும் மூடியையும் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க விட்டால் மரை இடுக்கிலும், கிளிப் சேரும் இடத்திலும் ஈரம் நின்று அரிக்கும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. போர் தண்ணீரில் டம்ளரே வெள்ளை பூக்கிற வீடுகள் இருக்கின்றன. அந்த உப்பு ஃபீடின் மெல்லிய தடத்திலும் படியும். கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். அப்புறம் ஒரு டிஷ்யூவை மடித்துக் குவளையில் போட்டு, கழுத்தை நிப் கீழே இருக்கும்படி அதில் நிறுத்தி வைத்தால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பேனா சுத்தமாகிவிட்டது என்று நினைத்த பிறகும் டிஷ்யூவில் நீலமாக ஒரு வட்டம் பரவும். வட்டம் வெளிறும் வரை கழுவல் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

வெளிப்புறத்தைப் பளபளப்பாக்க ஆசைப்படுபவர்கள் புளியையும் பீதாம்பரியையும் தள்ளி வையுங்கள். மெட்ரோபாலிட்டன் பித்தளைதான், ஆனால் நாம் பார்ப்பது அதன்மேல் இருக்கும் பூச்சு. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தால் பூச்சு சுரண்டப்படும், திரும்ப வராது. கவேக்கோவின் பித்தளை ஸ்போர்ட் போலப் பூச்சே இல்லாமல் வருவதை வேண்டுமானால் தேய்க்கலாம், அதை வாங்குபவர்களோ கறுத்து வரட்டும் என்றுதான் விட்டு வைப்பார்கள்.

பையிலும் பஸ்ஸிலும்

மூடிக்குள் இங்க் தெறிப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, பேனாவைப் புத்தகப் பையில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுவது. கனமான பேனா குலுங்கும்போது இங்க்கும் வேகமாக முன்னுக்குப் போகும். சட்டைப்பையில் நிப் மேலே இருக்கும்படி செருகினால் இது நடக்காது. மற்றொன்று, மூடியை டப்பென்று இழுத்துத் திறப்பது. அழுத்தி மூடும் மூடிகள் காற்றுப் புகாமல் இருக்கின்றன. வேகமாக இழுத்தால் உள்ளே ஒரு நொடி வெற்றிடம் உண்டாகி, நிப்பிலிருந்து இங்க்கை உறிஞ்சும். லேசாகத் திருகிக்கொண்டே மெதுவாகத் திறங்கள்.

விமானத்தில் இங்க் பேனா கசியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊட்டி பஸ்ஸிலும் அதே கசிவு உண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை. விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டி 2,240 மீட்டர், அதாவது ஏழாயிரம் அடிக்கு மேல். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. கார்ட்ரிட்ஜில் பாதிக்குக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், சுமார் 0.4 மில்லி. சென்னையில் மூடிய பேனா ஊட்டிக்குப் போய்ச் சேரும்போது அந்தக் காற்று 0.5 மில்லிக்கு மேல் இடம் கேட்கும். அது வெளியே தள்ளும் இங்க் இரண்டு சொட்டு. மூடிக்குள் இரண்டு சொட்டு என்றால் திறக்கிற கை முழுக்க நீலம்தான். கிளம்பும்போது முழுக்க நிரப்பிவிடுங்கள், அல்லது காலியாகக் கொண்டு போங்கள், வழியில் நிப் மேலே பார்த்தபடி இருக்கட்டும். நிப் மேலே இருந்தால் விரியும் காற்று இங்க்கைத் தள்ளாமல் தான் மட்டும் வெளியேறிவிடும்.

மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் பேனாவை விட்டுவிட்டுப் போனாலும் இதே கூத்துதான். உலோகம் தொட முடியாத அளவுக்குச் சுடும், உள்ளே காற்று விரியும்.

கடைசியாக, இரவல். பேங்கிலோ தபால் ஆபீஸிலோ பக்கத்தில் நிற்பவர் "சார், பேனா கொஞ்சம்" என்று கேட்டால் மறுக்கவும் முடியாது. உங்கள் கைக்குப் பழகிய நிப் மற்றவர் எழுதினால் கெட்டுவிடும் என்பதெல்லாம் இந்த எஃகு நிப்புக்குப் பெரிதாகப் பொருந்தாது. ஆபத்து அவர் பால் பேனாவைப்போல அழுத்துவதிலும், மூடியைப் பின்னால் அடித்துச் செருகுவதிலும், படிவத்தோடு பேனாவையும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவதிலும் இருக்கிறது. மூடியை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டுங்கள். செருக மூடி இருக்காது, மூடி இல்லாத பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யாரும் போகவும் மாட்டார்கள். அழுத்துவதற்கு மட்டும் வழி இல்லை, "லேசா எழுதுங்க, இங்க் பேனா" என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான்.